ரூஃபஸ் சிக்காவே பெயர் கொடுத்த நாள்

லாரிச் சத்தம் கேட்டால் ரூஃபஸ் சிக்காவேயின் கை ஏரை விட்டுவிடும். கோவேறு கழுதை தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். கலப்பை சாயும், சால் கோணும். அவன் உழுத காட்டைப் பார்த்தாலே அன்றைக்கு ரோட்டில் எத்தனை வண்டி போயிற்று என்று சொல்லிவிடலாம் என்பான் அவன் மச்சான் வெஸ்லி கோம்பி. சொல்லிவிட்டுச் சிரிப்பான். ரூஃபஸும் கூடச் சிரிப்பான். மறுநாளும் சால் கோணும்.

ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான். இளவயதில், மட்டையில் பந்தை ஏந்தி ஓடும் எங்கள் ஆட்டத்தில் எதிரே வந்தவனையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு போனவன். விலா எலும்பு முறிந்தபோதுகூட முனகவில்லை. அடிக்குப் பயந்த ஆள் இல்லை. மேசை போட்டு உட்கார்ந்து, காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, உன் பெயர் என்ன என்று கேட்கிறானே ஒருவன், அவனைக் கண்டால்தான் இவன் ஓடி ஒளிவான்.

அது சும்மா வந்த பயமில்லை. மிசிசிப்பியில் எங்கள் சாக்டா பழங்குடி ஜனங்களில் பாதிப்பேருக்கு அது உண்டு. ரூஃபஸ் சிறுவனாக இருந்தபோது சர்க்கார் ஆட்கள் வந்து ஓக் மரத்தடியில் மேசை போட்டார்கள். சாக்டா என்று பெயர் கொடுப்பவர்களுக்கு மேற்கே நிலம் கிடைக்கும் என்றார்கள். இன்றைக்கு ஓக்லஹோமா என்கிறோமே, அங்கே. ரூஃபஸின் அக்காவும் அவள் புருஷனும் பெயர் கொடுத்தார்கள். பிறகு அவர்களை ஏற்றிப்போக ரயில் வந்தது. அப்பன் பெயர் கொடுக்கவில்லை. இருந்தாலும் பையனைப் பிடித்துப்போய்விடுவார்களோ என்று பயந்து, அவனைச் சோளக் கொட்டிலில் படுக்கவைத்து மேலே தோகையைப் போட்டு மூடிவிட்டான். தோகை மூக்கைக் குத்தியது. தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தபடியே தூரத்தில் ரயில் ஊதுவதைக் கேட்டான். அக்கா போனவள் போனவள்தான். இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு சேதி கிடையாது.

பெயர் கொடுத்தவன் ஊரில் இருக்கமாட்டான். அன்றைக்கு அவன் மனசில் இது ஆணி மாதிரி இறங்கியது. பிறகு யார் வந்து என்ன சொல்லியும் அந்த ஆணியைப் பிடுங்க முடியவில்லை. தலைக்கட்டு எண்ண லாரியில் வருகிறவர்களைக் கண்டால் பைன் காட்டுக்குள் போய்விடுவான். தேவாலயத்தில் கல்யாணம் நடந்தபோது போதகர் அவன் பெயரை எழுதியதைப் பார்த்து மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது.

அவனுக்கென்று நிலம் கிடையாது. அப்பனைப் போலவே வெள்ளைக்காரர்களிடம் விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கு உழுதான். வீடு அவர்களுடையது, கழுதை அவர்களுடையது, விதை அவர்களுடையது. பருத்தி எடுத்து முடிந்ததும் கணக்கு நேராகவில்லை என்பார்கள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போகவேண்டியதுதான். ஸ்டாண்டிங் பைன் ஊருக்கு வெளியே ஹேஸ்கெல் என்பவனின் காட்டில்தான் அவன் அதிக காலம் நிலைத்தது. மகன் லீமன் அங்கே பிறந்தான். பின்னாலே பிறந்த பெண் குழந்தை அங்கே செத்தது. மனைவி ஆலி மே வாசலில் ஒரு பீச் மரம் வைத்தாள். மழை பெய்தால் உள்ளே பாத்திரம் வைக்கவேண்டிய வீடுதான். இருந்தாலும் ஒவ்வொரு குளிர்காலமும் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியதில்லை. இந்த ஒரு கூரையாவது நிற்கட்டும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தான் ரூஃபஸ்.

லீமன் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போயிருந்தான். நாற்பத்தைந்தாம் வருஷம், யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்ட அந்த ஏப்ரல் மாதத்தில், ஒருநாள் வெஸ்லி வயல் ஓரமாக வந்து நின்றான்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு சால் நேரா போகுது. ரோட்டை மூடிட்டாங்களா?"

"வேலை கிடக்கு மச்சான். சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போ."

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல ஓட்டு. நம்ம சட்டத்துக்கு."

"நமக்கேது சட்டம்?"

"இதே மண்ணுல இருந்துச்சு. நம்ம பாட்டனுங்க எழுதி வச்சு, சபை கூட்டி, தலைவர் வச்சு நடத்தினாங்க. அப்புறம் ஒப்பந்தம்னு ஒண்ணைப் போட்டு எல்லாரையும் மேற்கே ஓட்டினாங்க. ஓடாம நின்னவங்க வம்சம் நாம. நின்னதுக்கு நமக்கு என்ன கிடைச்சுது? சட்டமும் இல்ல, சபையும் இல்ல. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"மேற்கே போனவங்களுக்கு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. அங்கயும் எழுதினாங்க, கோர்ட்டு வச்சாங்க, பள்ளிக்கூடம் கட்டினாங்க. அப்புறம் அதையும் பிடுங்கிட்டாங்க."

"அப்ப எதுக்கு எழுதறது? பிடுங்கிட்டுப் போகவா?"

"பிடுங்கறதுக்காவது நம்மகிட்ட ஏதாவது இருக்கணும்ல. இப்ப ஒருத்தன் வந்தா உன்கிட்ட எதைப் பிடுங்குவான்? அந்தக் கிழிஞ்ச தொப்பியையா?"

ரூஃபஸ் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

வெஸ்லி வேலி மேல் சாய்ந்துகொண்டு விளக்கினான். பதினாறு பேர் கொண்ட சபை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் சாக்டாக்களே தங்கள் ஆளை அனுப்புவார்கள். நிலம், வீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பற்றிச் சர்க்காரிடம் அவர்கள்தான் பேசுவார்கள். ஆனால் போதுமான ஆட்கள் வந்து ஓட்டுப் போடாவிட்டால், ஜெயித்தாலும் செல்லாது.

"அதான் ஒவ்வொரு தலையும் வேணும் மாப்ளே."

"பேர் எழுதுவாங்களா?"

"எழுதாம எப்படி?"

"அப்ப நான் வரலை."

"இது அந்த ரயில் இல்லப்பா."

"உனக்கென்ன. நீ நம்ம ஜனங்களுக்குன்னு சர்க்கார் வாங்கின நிலத்துல இருக்கே. உன் கூரை உன்னுது. என் கூரை ஹேஸ்கெலோடது. அவன் காதுல விழுந்தா என்ன ஆகும்?"

காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஹேஸ்கெலின் லாரி வாசலில் வந்து நின்றது. ரூஃபஸ் தொழுவத்திலிருந்து வெளியே வந்தான். போகவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. கால்கள்தான் கொண்டுபோய் நிறுத்தின.

ஹேஸ்கெல் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. இறங்கி வந்து பீச் மரத்தடியில் நின்று, புகையிலையை மென்றபடி, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகப் பேசினான். ரூஃபஸுக்கு அவன் பாஷை பாதிதான் புரியும். அன்றைக்கு முழுசும் புரிந்தது.

"ரூஃபஸ், நான் உன்னைக் கை நீட்டி அடிச்சிருக்கேனா?"

"இல்லீங்க."

"மருந்து வேணும்னு வந்து நின்னப்போ இல்லைன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லீங்க."

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என்னவோ நடக்குதாமே. அங்க பேர் கொடுக்கறவங்களை எல்லாம் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. உன்னை மாதிரி ஒரு ஆளை விட எனக்கு மனசில்லை."

ரூஃபஸ் சிரித்துத் தலையை ஆட்டினான். ஹேஸ்கெல் என்ன சொன்னாலும் அவன் அப்படித்தான் செய்வான். சிரிப்பான், தலையை ஆட்டுவான்.

ஹேஸ்கெல் மரத்தில் ஒரு இலையைக் கிள்ளி விரலில் உருட்டினான். "நல்லா வந்திருக்கு. உன் பொண்டாட்டி வச்சதா?" என்றான். பிறகு லாரியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, அதன் மேல் முழங்கையை வைத்துக்கொண்டான். "நாளைக்கு நான் எதிர்க்கடையிலதான் உக்காந்திருப்பேன். என் காட்டு ஆளு எவனாவது அந்தப் படியில ஏறினா, திரும்பி வந்து என் வீட்டுப் படியில ஏறவேண்டாம்."

லாரி போன பிறகும் ரூஃபஸ் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

ஆலி மே உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சாயங்காலம் பன்றிக்கறி போட்ட சோளக்கஞ்சியை அவன் முன்னால் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் நின்றாள்.

"நாளைக்கு நான் போறேன், லீமன் அப்பா."

"எங்க?"

"எங்கன்னு தெரிஞ்சுதானே கேக்கறீங்க."

"அவன் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. என் மரத்தைக் கிள்ளிக்கிட்டே சொன்னான்."

"பொம்பளைங்க பேரையும் எழுதுவாங்க."

"எழுதட்டுமே. நான் என்ன ஆளில்லையா?"

"வீடு போயிடும்."

"எந்த வீடு? லீமன் சண்டையிலேருந்து திரும்பி வந்தா இவன் வாசல்ல நின்னு கழுதையும் கலப்பையும் கேக்கணுமா? அவன் அப்பன் கேட்டது பத்தாதா?"

"முதல்ல அவன் வரட்டும்."

சொன்னதும் ரூஃபஸுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மகனிடமிருந்து தகவல் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆலி மே பானையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

விடிந்ததும் அவன் உழப் போய்விட்டான். அவளும் போகமாட்டாள், நேற்று கோபத்தில் சொன்னது என்று கழுதையிடம் சொல்லிக்கொண்டான். வெயில் ஏறித் தண்ணீர் குடிக்க வந்தபோது அடுப்பில் சோறு மூடியிருந்தது. ஆணியில் தொங்கும் அவளுடைய நீளப் பாவாடை, ஓரத்தில் வைரக்கட்டம் வைத்துத் தைத்தது, அங்கே இல்லை.

ரூஃபஸ் ஓடினான். ரோட்டில் போகவில்லை, பைன் மரங்களுக்குள் புகுந்து ஓடினான். எப்படியாவது அவள் படியேறுவதற்கு முன்னால் பிடித்துவிடவேண்டும், பிடித்துக் காட்டு வழியாகவே வீட்டுக்கு இழுத்து வந்துவிடவேண்டும். வேறு நினைப்பே இல்லை. முள் கிழித்தது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மரம் கிடையாது. வெட்டவெளி. எதிர்க்கடை வாசலில் ஹேஸ்கெலின் லாரி நின்றது. அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். ரூஃபஸ் கடைசி மரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஆலி மே வெளியே எங்கேயும் இல்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்த வெட்டவெளியை எப்படிக் கடந்தான் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவனால் சொல்ல முடியவில்லை. பாதி வழியில் ஹேஸ்கெல் பார்த்துவிட்டான் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவன் எழுந்திருக்கவில்லை. சோடாப் புட்டியைச் சும்மா கொஞ்சம் தூக்கிக் காட்டினான், சிநேகிதனுக்குக் காட்டுவதுபோல.

உள்ளே ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். ஆலி மே மேசைக்குப் பக்கத்தில் இருந்தாள். ரூஃபஸ் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"வா, போகலாம்."

"விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"வெளியே அவன் இருக்கான்."

"தெரியும். நான் வரும்போது எனக்கும் புட்டியைத் தூக்கிக் காட்டினான்."

பின்னால் நின்ற ஒரு கிழவர், "ஒண்ணு நில்லுங்க, இல்ல நகருங்க. எனக்குக் கால் கடுக்குது," என்றார். அவர்கள் நகர்ந்தார்கள், முன்பக்கமாக. முன்னால் நின்ற ஒருத்தி ஆலி மேயின் பெயரைச் சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தார். அவள் திரைக்குப் பின்னால் போய்விட்டு, மடித்த காகிதத்தைப் பெட்டியில் போட்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இப்போது மேசைக்கு முன்னால் ரூஃபஸ் நின்றான்.

கண்ணாடி போட்ட வெள்ளைக்காரக் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் வெஸ்லி, மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தான்.

"பேர் என்னன்னு கேக்கறார்," என்றான் வெஸ்லி. அவனுக்குத் தெரியாத பெயரா. ஆனால் மேசையில் இருப்பவர்கள் யாரையும் அடையாளம் சொல்லக்கூடாது என்று விதி.

எங்களில் ஒருவன் தன் பெயரைத் தன் வாயால் சொல்வதில்லை. கேட்டால் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான், அவன் சொல்வான். இளசுகள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ரூஃபஸ் வயசுக்காரர்கள் விடவில்லை. காலையிலிருந்து ஒருவருக்கு இன்னொருவர் பெயர் சொல்லியே வரிசை ஓடிக்கொண்டிருந்தது. குமாஸ்தாவும் பழகிவிட்டார். ரூஃபஸின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

கிழவருக்கு அவனைத் தெரியும். அவருக்குப் பின்னால் நின்றவன் அவனோடு மட்டை பிடித்து ஆடியவன். ஆனால் ஜன்னல்கள் திறந்திருந்தன. கடை வாசல் கூப்பிடு தூரம். அந்தப் பெயரை உரக்கச் சொல்வது அவன் வீட்டுக் கூரையைப் பிரித்து ஹேஸ்கெல் கையில் கொடுக்கிற மாதிரி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிழவர் தன் செருப்பைப் பார்த்தார். மற்றவன் உத்தரத்தைப் பார்த்தான்.

ரூஃபஸுக்கு மெதுவாக மூச்சு வந்தது. யாரும் சொல்லப்போவதில்லை. சொல்லாவிட்டால் அவன் இங்கே வரவே இல்லை. பொண்டாட்டியைத் தேடி வந்தேன், ஓட்டுப் போடவில்லை என்று ஹேஸ்கெலிடம் சொல்லிவிடலாம். சத்தியமும் அதுதானே.

"யாருக்கும் தெரியலைன்னா ஒதுங்கச் சொல்லு," என்றார் குமாஸ்தா.

ரூஃபஸ் ஒதுங்கினான்.

"ரூஃபஸ் சிக்காவே," என்றாள் ஆலி மே.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆலி மே சொன்னதில்லை. பாம்பு அவனுக்குப் பக்கத்தில் ஊர்ந்த அன்றைக்குக்கூட "லீமன் அப்பா" என்றுதான் கூப்பிட்டாள். ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். ரூஃபஸுக்கு மேலே போட்டிருந்த தோகையை யாரோ வாரி எறிந்துவிட்டாற்போல உடம்பு சில்லிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஹேஸ்கெல் புட்டியைத் தரையில் வைத்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டே," என்றான் ரூஃபஸ்.

"நீங்க வந்து நிக்கறீங்க. நிக்கற ஆளை இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். பாவாடையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தா எழுதிவிட்டார். காகிதத்தை நீட்டினார்.

கம்பளித் திரைக்குப் பின்னால் ஒரு பலகையும் பென்சிலும் இருந்தன. இடது கட்டம் வேண்டும், வலது கட்டம் வேண்டாம் என்று வெஸ்லி சொல்லியிருந்தான். ரூஃபஸ் பென்சிலை வலது கட்டத்தின் மேல் வைத்தான். எதிர்த்துப் போட்டேன் என்று ஹேஸ்கெலிடம் சொன்னால் வீடு தப்பும். வந்த தலையும் கணக்கில் சேர்ந்துவிட்டது, வெஸ்லிக்கும் நஷ்டமில்லை. நல்ல யோசனைதான். அப்புறம்தான் உறைத்தது. இங்கே என்ன போட்டாலும் ஹேஸ்கெலுக்குத் தெரியப்போவதில்லை. அவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் திரைக்குள்ளே அவன் இல்லை. பிறந்ததிலிருந்து அவன் மாதிரி ஒருவன் இல்லாத இடத்தில் ரூஃபஸ் நின்றதாக ஞாபகம் இல்லை. பென்சிலை எடுத்து இடது கட்டத்தில் குறி போட்டான். அழுத்தியதில் நுனி ஒடிந்தது.

திரும்பும்போது ரோட்டிலேயே நடந்தார்கள். லாரி பின்னால் வந்தது, பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது, அப்படியே கொஞ்ச தூரம் கூடவே வந்தது. ஹேஸ்கெல் பிறகு வேகம் கூட்டிப் போய்விட்டான்.

அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதுதான் சித்திரவதை. ரூஃபஸுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. உழும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காது கொடுத்தான். எதிர்த்துப் போட்டேன், எதிர்த்துப் போட்டேன் என்று அவர்கள் பாஷையில் முணுமுணுத்துப் பழகினான். ஆலி மே கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். துணிமணிகளை மட்டும் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பருத்தி விதைக்கிற அன்று ஹேஸ்கெல் வந்தான். விதை மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டான்.

"எந்தப் பக்கம் போட்டே, ரூஃபஸ்?"

ரூஃபஸ் வாயைத் திறந்தான். பழகி வைத்த பொய் தொண்டை வரைக்கும் வந்தது. சிரிக்கவேண்டிய இடம், தலையை ஆட்டவேண்டிய இடம்.

"வேணும்னு போட்டேன்," என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே கடைசிவரை விளங்கவில்லை. தைரியம் இல்லை, அது நிச்சயம்.

ஹேஸ்கெல் புகையிலையைத் துப்பினான். யுத்தத்தில் ஆள் கிடைக்காத காலம், விதைக்கிற நேரம். அவனுக்கும் யோசிக்க இருந்தது. "பருத்தி எடுத்து முடிச்சதும் கிளம்பிடு," என்றான். "அது வரைக்கும் ஒழுங்கா வேலை பாரு."

லாரி போனதும் ரூஃபஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஆலி மே தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து விதை மூட்டையை அவிழ்த்தார்கள்.

சட்டம் நிறைவேறியது. சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்காக வானத்திலிருந்து வீடு விழவில்லை. இலையுதிர் காலம் வரை ரூஃபஸும் ஆலி மேயும் ஹேஸ்கெலின் பருத்தியைக் களையெடுத்து, பறித்து, எடை போட்டுக் கொடுத்தார்கள். இடையில் யுத்தம் முடிந்தது. லீமன் உயிரோடு இருக்கிறான், கப்பல் கிடைத்ததும் வருவான் என்று சாக்டாக்களுக்கான சர்க்கார் ஏஜென்சி ஆபீசில் கேட்டு வந்து வெஸ்லி சொன்னான். அன்றைக்கு ஆலி மே வயலில் நின்றபடியே அழுதாள்.

கிளம்பும்போது கட்டிலைத் தலையில் தூக்கியது ரூஃபஸ்தான். வெஸ்லி இருக்கிற நிலத்தின் மூலையில், சபை சரி என்று சொன்ன துண்டில், பைன் மரத்தை வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். வாசலுக்கு இடம் விடுகிற நேரத்தில் வெஸ்லி ரம்பத்தை நிறுத்தினான்.

"வாசல் எந்தப் பக்கம் மாப்ளே?"

"காட்டுப் பக்கம்."

"ரோட்டுப் பக்கம்," என்றாள் ஆலி மே.

"ஏதாவதுன்னா காட்டுக்குள்ள போக வழி வேணாமா?"

"லீமன் ரோட்டு வழியாத்தான் வருவான். வந்து சுவத்தையா தட்டுவான்?"

"இப்ப யாரு மாப்ளே உன்னைத் துரத்தறது?" என்றான் வெஸ்லி. "சட்டம் இருக்கு, சபை இருக்கு, நிலம் நம்மளுது."

"இன்னிக்கு இருக்கு," என்றான் ரூஃபஸ்.

வெஸ்லி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு வாசல் வச்சா குளிரும் ரெண்டு பக்கமா வரும். அப்புறம் என்கிட்ட வந்து விறகு கேக்கக்கூடாது," என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பக்கமும் அறுத்தான்.

பின்வாசல் கதவைத்தான் ரூஃபஸ் முதலில் மாட்டினான். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் திறக்கிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். திருப்தியான பிறகு முன்பக்கம் வந்து, ஆலி மே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த கதவுப் பலகையைக் கையில் வாங்கினான்.